மூன்று கார்டு படம் யாருடையது? ராக் ஃபேன்ஸின்கள் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டாரில் மூன்று கார்டுகளுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மூன்று கட்டங்கள்: ஏ, ஈ, ஜி. இது ஒரு கார்டு, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி ஒரு இசைக்குழுவைத் தொடங்கு என்று கூடவே கையெழுத்து. 1970களின் ராக் வகையான பங்க் பற்றி எழுதும் பலர் இந்தப் படத்தை 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற லண்டன் ஃபேன்ஸினின் (ரசிகர்களே நடத்தும் சிற்றிதழ்) கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் படம் வந்தது 1977இல், 'சைட்பர்ன்ஸ்' என்ற இதழில். ஸ்ட்ராங்க்ளர்ஸ் இசைக்குழுவைச் சுற்றி எழுந்த இதழ் அது. டி-ஷர்ட்டிலும் சுவரொட்டியிலும் படம் மட்டும் தனியே சுற்றியதில் இதழின் பெயர் உதிர்ந்துபோனது. உதிர்ந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. எந்தப் படத்தையும் அது வெளியான முழுப் பக்கத்தோடும் அட்டையோடும் பார்க்காமல் எடுத்தாளாதீர்கள்.

ஃபேன்ஸின் பங்க் இசையோடு பிறந்தது என்பதும் தவறு. அந்தச் சொல்லே 1940இல் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்களிடையே உருவானது. ராக்குக்கு அது வந்த வழியும் அதுதான். 1966 பிப்ரவரியில் 'க்ராடாடி' என்ற ராக் இதழைத் தொடங்கியபோது ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் பால் வில்லியம்ஸுக்கு வயது 17. அதற்கு முன்பே அறிவியல் புனைகதை ஃபேன்ஸின் நடத்திப் பழகியவர். முதல் இதழ் சைக்ளோஸ்டைலில் 10 பக்கம், 500 பிரதி.

'எல்லாமே ஜெராக்ஸ்' என்று எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சைக்ளோஸ்டைலில் மெழுகுத்தாளில் தட்டச்சு செய்ய வேண்டும். புகைப்படம் சரியாக விழாது. அதனால்தான் பழைய இதழ்கள் எழுத்தாகவே நிரம்பியிருக்கின்றன, ரசனையால் அல்ல. செய்தித்தாள் துண்டுகளை வெட்டி ஒட்டிய பங்க் தோற்றம் நகல் இயந்திரம் தந்தது. ஆனால் அதில் ஆயிரமாவது பிரதிக்கும் ஏறக்குறைய முதல் பிரதியின் செலவுதான். விற்பனை கூடினால், அதிகப் பிரதிகளுக்கு மலிவான ஆஃப்செட் அச்சுக்குப் போயாக வேண்டும். மார்க் பெர்ரி 1976 ஜூலையில் லண்டனில் 'ஸ்னிஃபின் க்ளூ'வைத் தொடங்கியது சுமார் 50 பிரதிகளோடு. 1977இல் தானே நிறுத்தியபோது அது ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. ஆகவே எத்தனையாவது இதழ் என்று சொல்லாமல் ஒரு இதழின் 'பிரதி எண்ணிக்கை' என்று எழுதுவதில் பொருளில்லை.

தேதி இன்னொரு பள்ளம். மூலையில் ஒற்றை ஸ்டேப்ளர் பின் அடித்த இதழ்களில் முதல் தாளும் கடைசித் தாளும்தான் முதலில் கழன்று போகும். தேதி அச்சாகியிருந்தால் பெரும்பாலும் அதோடு போய்விடும். உள்ளே விமர்சிக்கப்பட்ட கச்சேரிகளில் கடைசியானதையும், இனி நடக்கப்போவதாக அறிவிக்கப்பட்டவற்றில் முதலாவதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதழ் இவ்விரண்டுக்கும் இடையில் வந்தது. இசைத்தட்டு மதிப்புரையை மட்டும் நம்ப வேண்டாம். விற்பனைக்கு முன்பே விமர்சகர் கைக்கு வந்த தட்டாகவும் இருக்கலாம். கையில் இருப்பது அசலா என்றும் பாருங்கள்: நகலின் நகலில் எழுத்து தடிக்கும், படத்தின் சாம்பல் நிறம் கறுத்தோ வெளுத்தோ போகும்.

சிற்றிதழ்கள் நடந்ததைப் பதிவு மட்டும் செய்தன என்போர் 'டச் அண்ட் கோ'வைப் பார்க்கலாம். 1979இல் மிச்சிகனில் ஃபேன்ஸினாகத் தொடங்கி, 1981இல் இசைத்தட்டு நிறுவனமானது. அமெரிக்காவின் ஒலிம்பியாவில் ப்ரூஸ் பாவிட் 1980இல் தொடங்கிய 'சப்டெரேனியன் பாப்' ஃபேன்ஸின் சில இதழ்களைத் தாளில் அல்லாமல் கேசட்டாகவே வெளியிட்டது. 1989இல் நிர்வாணா ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட 'சப் பாப்' நிறுவனத்தின் பெயர், அந்த இதழின் பெயரின் சுருக்கம்தான்.