கதவுக்கு இந்தப் பக்கம் வெள்ளச்சி, அந்தப் பக்கம் குட்டி

தெருவில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்துவிட்டீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது, இந்த வீடே தன்னுடையது என்று நினைக்கிற பூனை. நானும் ஒருமுறை இப்படி வந்து நின்றேன். ஆறு வருடமாகத் தனியாக வளர்ந்த என் வெள்ளச்சியின் முன்னால் குட்டியை இறக்கிவிட்டு, "பாரு, உனக்குத் தம்பி" என்றேன். அவள் பாய்ந்த பாய்ச்சலில் குட்டி ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் ஒளிந்தது. அதன் பிறகு இரண்டு மாதம் வெள்ளச்சி அலமாரி உச்சியை விட்டு இறங்கவே மாட்டாள், குட்டியின் சத்தம் கேட்டாலே உறுமுவாள். கடைசியில் அந்தக் குட்டியைத் தோழி வீட்டில் கொடுக்க வேண்டியதாயிற்று. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

இரண்டாவது முறை மிளகு வந்தான். கறுப்பு நிறம், கையளவு உடம்பு, சளி வழியும் கண். இந்த முறை ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த ஐந்து வாரத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே குட்டியைக் கதவு சாத்தக்கூடிய ஒரு தனி அறையில் வையுங்கள். குளியலறையானாலும் போதும். படுக்கத் துணி, தண்ணீர், மலஜலம் கழிக்க மணல் போட்ட தட்டு (லிட்டர் பாக்ஸ் என்பார்கள்), ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, இவ்வளவு இருந்தால் சரி. குறைந்தது இரண்டு வாரம் அங்கேயே இருக்கட்டும். சண்டைக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. பேன்லுக்கோபீனியா என்கிற கொடிய வயிற்றுப்போக்கு நோய் உடம்புக்குள் இருந்தாலும் சில நாட்கள் வெளியே தெரியாது. அந்தக் கிருமி நம் கையிலும் உடையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். அதனால் குட்டியைத் தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்த அறைக்கென்று ஒரு பழைய சட்டையும் செருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பூனையின் தடுப்பூசி நாள் கடந்திருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

ஓரிரு நாளுக்குள் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி, காதுச் சொறி, படர்தாமரை, ரத்தப் புற்று வைரஸ் பரிசோதனை எல்லாவற்றையும் கேட்டு வாருங்கள். படர்தாமரை நமக்கும் தொற்றும். நாய்க்கு விற்கிற தெள்ளு மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் தடவாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்து இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். பசும்பாலும் வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும். நான்கு வாரம்கூட ஆகாத குட்டி என்றால் பூனைக்குட்டிக்கான பால்மாவும் உடல் சூடும்தான் முதல் கவலை, அறிமுகம் அப்புறம்.

இனி வாசனை. பூனைக்கு யார் நம்மவர், யார் அந்நியர் என்பது மூக்கில்தான் முடிவாகிறது. கன்னத்தை மேசைக் காலில் தேய்க்கிறதே, அப்போது அது தன் வாசனையைப் பூசிவிட்டுப் போகிறது. ஒரு பழைய சாக்ஸால் வெள்ளச்சியின் கன்னத்தை மெல்லத் தடவி, அதை மிளகின் படுக்கையில் போட்டேன். மருத்துவர் குட்டியிடம் தொற்று இல்லை என்று சொல்லும்வரை இந்த ஒரு வழிப் போக்குவரத்து மட்டும்தான். சொன்ன பிறகு அவன் துணியை இவளிடம் கொண்டுவந்தேன். அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், சில அடி தள்ளிப் போடுங்கள். வெள்ளச்சி முதல் நாள் அந்தத் துணியைப் பார்த்துச் சீறினாள். மூன்றாம் நாள் மோந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் கண்டுகொள்ளவே இல்லை. அலட்சியமாகத் தாண்டிப் போவதே நல்ல சகுனம்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது சாப்பாட்டுத் தட்டுதான். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மிளகின் தட்டு, இந்தப் பக்கம் வெள்ளச்சியின் தட்டு. கதவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத் தரையில் பதித்த டைல்ஸை எண்ணி வைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒன்பது கல் தள்ளி. தலை நிமிராமல் முழுவதும் சாப்பிட்டால் அடுத்த வேளை ஒரு கல் முன்னே. பாதியில் நிறுத்திக் கதவை முறைத்தால் ஒரு கல் பின்னே. நாலாவது கல்லில் ஐந்து நாள் நின்றுவிட்டாள். நான் நகர்த்தவில்லை. குட்டி எப்போதோ தயாராகிவிட்டான், கதவிடுக்கில் கையை விட்டு விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் எப்போது நகரலாம் என்பதைச் சொல்ல வேண்டியது பழைய பூனை. இழக்கிறதுக்கு இடம் இருப்பது அவளுக்குத்தானே.

இருவரும் கதவோரம் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்ததும், தினமும் அரை மணி நேரம் இடம் மாற்றினேன். அவள் குட்டியின் அறையில், அவன் கூடத்தில். சந்திக்காமலே ஒருவர் இடத்தை மற்றவர் மோந்து தெரிந்துகொண்டார்கள்.

அடுத்தது பார்வை. வாசற்படியில் கம்பித் தடுப்பு வைத்து, அதன்மேல் போர்வையைத் தொங்கவிட்டேன். தினம் ஒரு சாண் மட்டும் போர்வையைத் தூக்குவேன். முதல் நாள் கால்கள் மட்டும் தெரிந்தன, அப்புறம் வயிறு, அப்புறம் முகம். பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் பிடித்த தின்பண்டம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

நேருக்கு நேர் விடும் முன் குட்டியை விளையாட விட்டு நன்றாகக் களைக்க வையுங்கள். நகம் வெட்டிவிடுங்கள். உதவிக்கு ஓர் ஆள் இருக்கட்டும், கைக்கெட்டும் தூரத்தில் பெரிய அட்டை ஒன்றும் இருக்கட்டும். முதல் சந்திப்பு ஐந்து நிமிடம் போதும். குட்டியைக் கையில் ஏந்தி முகத்துக்கு நேரே காட்டாதீர்கள். சீறினால் பயப்பட வேண்டாம், "கிட்ட வராதே" என்று சொல்வதற்கு அவளிடம் இருக்கிற வார்த்தை அதுதான். அதற்காகத் திட்டினால், குட்டி வந்தால் தனக்குத் திட்டு விழுகிறது என்று அவள் கற்றுக்கொள்வாள். கண் சிமிட்டாமல் முறைப்பது, காது தலையோடு ஒட்டிப்போவது, வால் தரையில் பட்பட்டென்று அடிப்பது, இவை வந்தால் நடுவே அட்டையைச் செருகி அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். சண்டையில் கையை விடவே கூடாது. பூனைப் பல் ஆழமாக இறங்கும், சீக்கிரம் சீழ் வைக்கும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். தெருவில் வந்த குட்டி என்றால் வெறிநாய்க்கடி ஊசி பற்றியும் கேளுங்கள்.

வீட்டிலும் இடம் பங்கிட வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று லிட்டர் பாக்ஸ், மூன்றும் வேறு வேறு இடத்தில். தட்டுகள் ஒன்றுக்கொன்று கண்ணில் படாத தூரத்தில். குட்டியால் ஏற முடியாத ஓர் உயரமான இடம் பெரியவளுக்கு மட்டும். வெள்ளச்சிக்கு ஜன்னலோர அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுத்தேன்.

இந்த நாட்களில் பழைய பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆண் பூனை லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம், ராத்திரியானாலும் கிளம்புங்கள். குட்டிக்கு ஐந்து மாதம் நிறைவதற்குள் கருத்தடை செய்துவிடுங்கள். பெண் குட்டி நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடும்.

ஐந்தாவது வாரத்திலும் இரவில் மிளகை அவன் அறையில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். ஒரு விடியலில் எழுந்து போனால், வெள்ளச்சி அந்தக் கதவுக்கு வெளியே படுத்திருந்தாள். ஒரு கை கதவுக்கு அடியில். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கறுப்புக் கை அதைத் தொட்டுத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது. அன்றிரவிலிருந்து நான் அந்தக் கதவைச் சாத்தவில்லை.