பித்தநாளம் ‘நார்மல்’ என்று எழுதும் முன்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பழக வருகிறவர்கள், கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளத்தைத் தேடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன். அவர்கள் செய்யும் தவறுகள் அத்தனையும் அந்தக் காலத்தில் நான் செய்த கோளாறுகளேதான். வெறும் வயிற்றில் வரச் சொல்வதெல்லாம் அவர்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தமனியை அளந்துவிடுவது

பக்கத்தில் ஓடும் கல்லீரல் தமனியும் ஸ்கேனில் குழாயாகவே தெரியும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போடுங்கள். நிறம் ஏறினால் அது பித்தநாளம் இல்லை.

கீழ்முனையைப் பார்க்காமலே ‘கல் இல்லை’ என்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கல்லீரலை ஒட்டிய மேல்பகுதி சுலபமாகக் கிடைத்துவிடும். கணையத் தலைக்குப் பின்னால் இறங்கும் பகுதியைச் சிறுகுடல் வாயு மறைத்துவிடும். கல் போய் உட்காருவதோ பெரும்பாலும் அங்கேதான்.

ஓர் அம்மா, வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் லேசான மஞ்சள். மேலே 5 மி.மீ. அளந்துவிட்டு, ‘பித்தநாளம் நார்மல், கல் இல்லை’ என்று எழுதினேன். நாலாம் நாள் குளிர்காய்ச்சலோடு வந்து படுத்தார். பித்தநாளத்தைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேனான எம்ஆர்சிபியில் பார்த்தால் கீழ்முனையில் கல். சீனியர் என் படங்களைப் புரட்டிவிட்டு, “இதுல கீழ்முனை எங்கப்பா?” என்றார். நான் எடுத்திருந்தால்தானே காட்ட?

குழாய் விரியவில்லையே என்று சமாதானம் சொல்லாதீர்கள். புதிதாக அடைத்த கல் என்றால் விரிய நேரம் பிடிக்கும். சற்று நிமிர்த்தி உட்காரவைத்து வலப்பக்கம் சாயச் சொல்லுங்கள். கையிலிருக்கும் ப்ரோபை மெல்ல அழுத்தி வாயுவைத் தள்ளுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தும் பார்க்கலாம், வாய்வழியாக எண்டோஸ்கோப் விட்டுக் கல்லை எடுக்கும் ஈஆர்சிபி அன்றைக்கே இருந்தால் மட்டும் வேண்டாம். அப்புறமும் தெரியவில்லையா? ‘வாயுவால் கீழ்ப்பகுதி தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மருத்துவர் எம்ஆர்சிபிக்கு அனுப்புவார்.

7 மி.மீ. என்றதும் பதறுவது

குழாயின் அகலம் 6 மி.மீ. வரை சாதாரணம் என்பது பொதுக்கணக்கு. வயது ஏற ஏறக் கொஞ்சம் அகலும். பித்தப்பையை எடுத்தவருக்கு 10 வரைகூடப் போகும். “ஆபரேஷன் ஆச்சா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். தொப்புளருகே சின்னத் தழும்பு இருக்கும். லேப்ராஸ்கோப்பியைப் பலர் ஆபரேஷன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சரி, தழும்பும் இல்லை என்றால், அடைப்பிருந்தால் ரத்தத்தில் ஏறும் பிலிருபின், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் எவ்வளவு என்று பாருங்கள்.

சுவரையும் சேர்த்து அளப்பது

உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை. அவ்வளவுதான்.

வாயுவைக் கல் என்பது

பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்தவரா, ஈஆர்சிபி ஆனவரா என்று முதலில் கேளுங்கள். அப்படியானால் குழாய்க்குள் வாயு ஏறியிருக்கலாம். வாயுவின் நிழல் கலங்கலாக விழும். ஆளைத் திருப்பினால் இடமும் மாறும்.