ஏர் ரைபிளில் பிளாஸ்டிக்கா, உலோகமா?

ஸ்பிரிங் விசையில் காற்றை அழுத்திச் சுடும் என் ஏர் ரைபிளில் பெல்லட் (சின்னக் குண்டு) ஒரே இடத்தில் விழவே இல்லை. பேரலைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், குறிபார்க்கும் தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் ஸ்கோப் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்திருந்தது. ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். அந்த இரட்டை உதையில் பிளாஸ்டிக்கின் பிடி தளர்ந்துவிட்டது. நகராமல் தடுக்கும் ஊசி (ஸ்டாப் பின்) உள்ள அலுமினிய மவுண்டைப் போட்டேன், சரியானது.

அப்புறம் ஆசை விடவில்லை. தோளில் அணைத்து, கன்னம் வைத்துப் பிடிக்கும் கட்டையான ஸ்டாக்கையும் அலுமினியமாக்கினேன். தப்பு! எடை ஏறியது, குளிரில் கன்னம் வைக்க முடியவில்லை. கண்ணாடி இழை கலந்த பழைய நைலான் ஸ்டாக்கே திரும்ப வந்தது. காற்றை அழுத்தும் பிஸ்டனின் நுனியில் உள்ள சீலைத் தொடவில்லை. காற்றை அடைக்க வளைந்துகொடுக்கும் பாலிமர்தான் வேண்டும். டிரிகர் பிளேடு மட்டும் உலோகம். அழுத்தும்போது பிளாஸ்டிக் பிளேடு லேசாக வளைவது எனக்கு ஆகவே ஆகாது.