பெயர் எழுதியே கேமை முடிப்பது எப்படி? நோட்டில் செய்து பார்க்க ஒரு பாடம்

ஓகரினா ஆஃப் டைம் 1998இல் நின்டெண்டோ வெளியிட்ட செல்டா வரிசை கேம். ஒழுங்காக ஆடினால் நாள்கணக்கில் இழுக்கும். இப்போது அதை 4 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். சீட் ஆப் எதுவும் கிடையாது, கையில் கன்ட்ரோலர் மட்டும்தான். கேமில் இருக்கும் ஓட்டையைப் பிடித்து, தாங்கள் எழுதிய கட்டளையைக் கேமே ஓட்டும்படி செய்துவிடுகிறார்கள்.

அது எப்படி என்று ஒரு கட்டம் போட்ட நோட்டில் செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் வேண்டாம், நெட் வேண்டாம். யாங்கூனில் கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்கும் நேரத்துக்குத் தோதான வேலை.

படி 1: ஒரே வரிசையில் ஒன்பது கட்டம் போட்டு 0 முதல் 8 வரை எண் எழுதுங்கள். 0 முதல் 7 வரை ஆட்டக்காரர் பெயருக்கு. 8ஆம் கட்டத்தில் பென்சிலால் 20 என்று எழுதுங்கள். பெயர் எழுதி முடித்ததும் அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. சற்றுத் தள்ளி 20 என்று தனியாக ஒரு கட்டம் போட்டு, அதில் "ஊருக்குள் போ" என்று எழுதுங்கள்.

படி 2: வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்தான் பிராசஸர், அதாவது கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டும் பாகம். அவருக்கு மூன்று கட்டளை தெரியும்: 1 என்றால் கைதட்டு, 2 என்றால் எழுந்து நில், 3 என்றால் "ஆட்டம் முடிந்தது" என்று சொல்லி நிறுத்து. வேறு எண் வந்தால் ஒன்றும் செய்யாமல் அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும். யோசிக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. (தங்கைகளிடம் இதுதான் கஷ்டம்.)

படி 3: ஆங்கில எழுத்துகளை எண்ணாக்கிக் கட்டங்களில் எழுதப் போகிறோம். ஏ என்றால் 1, பி 2, சி 3, இப்படியே இசட் 26. குமார் என்ற ஐந்தெழுத்துப் பெயரை (கே, யூ, எம், ஏ, ஆர்) எழுதினால் 11, 21, 13, 1, 18. மீதி மூன்று கட்டம் காலி. பிராசஸர் நேராக 8ஆம் கட்டத்தைப் பார்ப்பார், 20 என்று இருக்கும், ஊருக்குள் போவார். எல்லாம் ஒழுங்கு.

படி 4: இப்போது அதே பெயரோடு ஏ, பி, சி, ஈ என்று நான்கு எழுத்தைச் சேருங்கள். மொத்தம் ஒன்பது எழுத்து. இடமோ எட்டுக்குத்தான். நீளத்தைச் சரிபார் என்று நாம் யாரும் சொல்லவில்லை, அதனால் கடைசி எழுத்து 8ஆம் கட்டத்தில் போய் விழும். 20ஐ அழித்துவிட்டு அங்கே 5 உட்கார்ந்துவிடும். பிராசஸர் 5ஆம் கட்டத்துக்குப் போவார். அங்கே 1, கைதட்டுவார். அடுத்து 2, எழுந்து நிற்பார். அடுத்து 3, "ஆட்டம் முடிந்தது" என்பார். ஊருக்குள் கால் வைக்காமலே கேம் முடிந்தது.

மெமரியில் இருப்பது வெறும் எண். அதைப் பெயராக வாசிப்பதும் கட்டளையாக வாசிப்பதும், பிராசஸர் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாயின் ஆங்கிலப் போகிமான் ரெட் கேமில் ஏ எழுத்தின் எண் 128. அதே கேம்பாய் பிராசஸருக்கு 128 என்றால் "இரண்டு எண்களைக் கூட்டு". அந்தக் கேமில் 8எஃப் என்று கோளாறால் மட்டும் கைக்கு வரும் ஒரு பொருள் உண்டு. அதைப் பயன்படுத்தினால், உங்களிடம் உள்ள போகிமான் பட்டியலைப் பிராசஸர் கட்டளையாக ஓட்டத் தொடங்கும். சரியானவற்றைச் சரியான வரிசையில் வைத்திருந்தால் அங்கிருந்து உங்கள் பைக்குள் தாவும். பையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்: என்ன பொருள், எத்தனை. அதாவது கேம் கடையில் எதை எத்தனை வாங்கினீர்கள் என்பதே நீங்கள் எழுதிய புரோகிராம்! எனக்கு இதைவிட அழகான கோளாறு தெரியாது. ஒரு எண் பிசகினால் சேவ் அழிந்துபோகலாம், ஆனால் நஷ்டம் அவ்வளவுதான்.

படி 5: அந்த ஒன்பது எழுத்தை வேறொருவர் எழுதியிருந்தால்? 2008இல் நின்டெண்டோவின் வீ கன்சோலின் பூட்டை உடைத்ததும் இப்படித்தான். செல்டா ட்வைலைட் பிரின்சஸ் கேமின் சேவ் ஃபைலில் குதிரையின் பெயரை அளவுக்கு மேல் நீட்டி எழுதிவைத்தார்கள். நம் குமார் செய்த அதே வேலை, ஆனால் ஃபைல் எழுதியவர் ஒருவர், கன்சோல் இன்னொருவருடையது.

நெட் வழியாக வந்தால் ஃபைல்கூட வேண்டாம். 2021 டிசம்பரில், பல ஜாவா புரோகிராம்கள் பதிவு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜேயின் ஓட்டை வெளிவந்தபோது, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் சாட்டில் ஒரு வரி எழுதினாலே போதுமாக இருந்தது. 2022 ஜனவரியில் டார்க் சோல்ஸ் 3ஐ நேரலையில் ஆடிக்கொண்டிருந்தவரின் கணினியில் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைச் சன்னல்) தானாகத் திறந்தது. ஓர் இயந்திரக் குரல் அவர் ஆட்டத்தைக் கிண்டல் செய்தது. கணினிப் பதிப்பின் சர்வர்களை மூடி, பல மாதம் கழித்துத்தான் திறந்தார்கள். 2011இல் வந்த மரியோ கார்ட் 7க்கு 2022 டிசம்பரில் ஒரு அப்டேட் வந்ததற்கும் இதே மாதிரி ஓட்டைதான் காரணம்.

படி 6: கணினியில் ஆடுபவர்கள் விண்டோஸில் அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்று வைத்து அதில் மட்டும் ஆடுங்கள். கேமை "அட்மினாக ஓட்டு" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கரண்ட் இருக்கும் நேரம் குறைவு, டேட்டா விலையும் அதிகம் என்றால் முதலில் அப்டேட், அப்புறம் ஆட்டம். கம்பெனி கைவிட்ட பழைய ஆன்லைன் கேம்களை முன்பின் தெரியாதவர்களோடு ஆட வேண்டாம். அறிந்த நண்பர்களோடு தனி அறை போட்டு ஆடலாம்.

படி 7: போன்தான் நம் ஊரில் பெரிய விஷயம். போன் கடையில் கேம் ஏற்றித் தருவார்கள், நண்பர் ஃபைல் பகிரும் ஆப்பான ஜாப்யாவில் அனுப்புவார், "காசு தீராத" மோட் ஏபிகே (யாரோ மாற்றி எழுதிய கேமின் ஆண்ட்ராய்டு ஃபைல்) ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். இங்கே ஓட்டை தேடவே தேவையில்லை, அந்நியர் எழுதிய புரோகிராமை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். செட்டிங்ஸில் "தெரியாத ஆப்களை நிறுவு" என்ற அனுமதியைத் தேடி, ஜாப்யா, பிரவுசர், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அணைத்து வையுங்கள். கார் ஓட்டும் கேம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் அப்போதே நீக்குங்கள். பணம் அனுப்பும் ஆப்பான கேபிஇசட்பேயின் ஓடிபி வந்து விழுவது அதே எஸ்எம்எஸ் பெட்டியில்தான். மோட் ஆடியே தீருவேன் என்றால் சிம் போடாத, பணக் கணக்கு எதுவும் இல்லாத பழைய போன் ஒன்றில் ஆடுங்கள்.

படி 8: ஆடும்போது மவுஸ் தானாக நகர்ந்தாலோ, கறுப்புச் சன்னல் ஒன்று திறந்து மூடினாலோ முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், முதலில் மெயில், அடுத்து பணக் கணக்கு. அதே கணினியில் மாற்றினால் புதியதும் போய்விடும். அதன் பிறகு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவது நல்லது.