கேமரா பையைக் காலியாக மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள்

காலியாக இருக்கும்போது எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். உங்கள் கேமரா, லென்ஸ்களைக் கொண்டுபோய் உள்ளே வைத்து, பத்து நிமிடமாவது நடந்து பாருங்கள். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல் வரும்.

முதலில் பார்க்க வேண்டியது இடுப்புப் பட்டை. பாரத்தின் பெரும்பகுதியை இடுப்புதான் தாங்க வேண்டும், தோள் அல்ல. பல பைகளில் மெல்லிய நாடா ஒன்றைத் தைத்துவிட்டு அதையே இடுப்புப் பட்டை என்பார்கள்; பை ஆடாமல் பிடிக்கும், அவ்வளவுதான். பஞ்சு வைத்த அகலமான பட்டை, வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். உட்காரவில்லையா? பை உங்கள் முதுகு நீளத்துக்குப் பொருந்தவில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை அளந்தால் அந்த நீளம் தெரிந்துவிடும். ஆள் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள்.

அப்புறம், கனமான லென்ஸை முதுகை ஒட்டியே வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். முதுகுப் பக்கம் திறக்கும் பைதான் என் தேர்வு: கீழே வைத்துத் திறந்தாலும் முதுகில் படும் பக்கம் சேறாகாது.