விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாத்துக்கும் ஒரே பிரிண்டரா? இந்த தப்பையெல்லாம் பண்ணாதீங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எந்த டிடிபி கடையை வேணா எடுத்துக்கங்க, டிசைன் பண்றவர்ட்ட ஒரு மேக் இருக்கும், பில் போடுற டேபிள்ல விண்டோஸ் இருக்கும், பழைய மெஷினை சும்மா போட்டு வைப்பானேன்னு ஒண்ணுல உபுண்டு லினக்ஸ் ஓடிக்கிட்டிருக்கும். பிரிண்டர் மட்டும் ஒண்ணே ஒண்ணு. அதுல பிரிண்ட் வரலைன்னதும் கை நேரா எங்க போகும்னா, டிரைவரை அழிச்சுட்டு திரும்ப போடுறதுக்குத்தான். அதான் முதல் தப்பு. வரலைன்னா எப்படி வரலைன்னு மொதல்ல பாருங்க. பிரிண்டர் லிஸ்ட்லயே தெரியலைன்னா அது நெட்வொர்க் பிரச்சனை, பாஸ்வேர்டை திரும்பத் திரும்ப கேட்டா அனுமதி பிரச்சனை, பேப்பர் வருது ஆனா கிறுக்கலா வருதுன்னா அப்பத்தான் டிரைவர் பக்கம் போகணும்.

அடுத்தது, பிரிண்டர்லயே லேன் போர்ட்டோ வைஃபையோ இருக்கும், அப்பவும் அதை யுஎஸ்பில ஒரு விண்டோஸ் மெஷின்ல மாட்டி அங்கேர்ந்து ஷேர் பண்றது. நம்மூர்ல இது ரொம்ப பழகிப்போச்சு. விண்டோஸ் ஷேரிங் எஸ்எம்பின்னு ஒரு முறையில பேசும், போர்ட் 445. மேக்லயும் லினக்ஸ்லயும் உள்ள இருக்கறது கப்ஸ்னு பிரிண்ட் வேலையை பாத்துக்கற சாஃப்ட்வேர், அது ஐபிபி-ன்னு வேற முறையில பேசும், போர்ட் 631. கப்ஸுக்கு எஸ்எம்பி-யும் தெரியும், ஆனா ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டுக்கும் ஏதாவது ஒண்ணு மாறும். 2017-ல வான்னாக்ரைன்னு ஃபைலையெல்லாம் பூட்டி பணம் கேக்கற வைரஸ் வந்துட்டு போன பிறகு, அந்த வருஷக் கடைசியில வந்த விண்டோஸ் 10 பதிப்புலேர்ந்து பழைய எஸ்எம்பி 1 தானா இன்ஸ்டால் ஆகறதில்ல. 2021-ல பிரிண்ட் நைட்மேர்னு ஒரு பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு, அதுக்கப்புறம் அட்மின் இல்லாம டிரைவர் போட முடியாது, 11பி-ன்னு முடியுற எரர் ஊர் பூரா வந்தது. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே, யாரும் எதையும் தொடலை"ன்னு சொல்றவங்க பொய் சொல்லலை, ராத்திரி அப்டேட் தொட்டிருக்கும். இதுக்கு யூட்யூப்ல ஒரு ரெஜிஸ்ட்ரி வைத்தியம் சொல்றாங்க, பண்ணாதீங்க, அடைச்ச ஓட்டையை நீங்களே தொறந்து விடறதுதான் அது. ரெண்டு பக்க விண்டோஸையும் அப்டேட் பண்ணிட்டு பாருங்க. என்னைக் கேட்டா, பிரிண்டரை நேரா ரௌட்டர்ல சேத்துட்டு ஒவ்வொரு மெஷினும் அதுக்கிட்ட தானே பேசிக்கட்டும்னு விட்டுடறதுதான் நல்லது, நடுவுல எந்த கம்ப்யூட்டரும் வேணாம். ஆப்பிளோட ஏர்பிரிண்ட் முறை 2010-லயே வந்துருச்சு, அது இருக்கற பிரிண்டர்னா மேக்குக்கும் புது லினக்ஸுக்கும் தனி டிரைவரே வேணாம்.

சரி, விண்டோஸ் வழியாத்தான் ஷேர் பண்ணியாகணும்னா ரெண்டு விஷயம் பாத்துக்கங்க. ஷேர் பேரை இடைவெளி விடாம சின்னதா இங்கிலீஷ்ல வைங்க. அப்புறம் மேக் பாஸ்வேர்ட் கேக்கும்போது விண்டோஸ் தொறக்கற நாலு நம்பர் பின்னை போடறாங்க பாருங்க, அது அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான் செல்லும், நெட்வொர்க்ல செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்டையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியா உள்ள விடாது. பிரிண்டுக்குன்னு ஒரு லோக்கல் யூசரை உண்டாக்கி அதுக்கு ஒரு பாஸ்வேர்ட் வச்சுட்டா தொல்லை விட்டுது. நெட்வொர்க் பப்ளிக்னு இருந்தா பிரைவேட்னு மாத்தணும், இல்லாட்டி ஃபயர்வால் மறிக்கும். அப்படி மறிக்கறப்ப, மெஷின் உயிரோட இருக்கான்னு கேக்கற பிங்குக்கும் பதில் வராது, அதனால பிங் வரலை மெஷின் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க.

இப்ப நம்ம ஊருக்கே உரிய பிரச்சனைக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுங்க. முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டுன்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது, சுவரு ஒவ்வொண்ணும் அந்த கனம். முகப்புல ரௌட்டரை வச்சா ரெண்டாங்கட்டுல சிக்னல் சாகும், அதுலயும் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டறதுல இன்னும் மோசம். உடனே என்ன பண்றாங்க, இன்னொரு ரௌட்டர் வாங்கி உள்ள வச்சு, வர்ற கேபிளை அதோட வான் போர்ட்ல, அதான் இன்டர்நெட் கேபிள் மாட்டற இடத்துல, சொருகிடறாங்க. இன்டர்நெட் ஜோரா வரும், பிரிண்டர் மட்டும் தெரியாது. ஏன்னா உள்ள இருக்கறது இப்ப வேற நெட்வொர்க், முன்னாடி இருக்கறது 192.168.1-ன்னா பின்னாடி 192.168.0 மாதிரி ஏதாவது ஒண்ணு. ஏர்பிரிண்ட் மாதிரி தானா தேடற வகையெல்லாம் எம்டிஎன்எஸ்ங்கற தேடல் முறையில ஓடுது, அந்த தேடல் ஒரு நெட்வொர்க்கை விட்டு இன்னொண்ணுக்குள்ள போகாது. ரெண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்துங்க, அந்த ஆப்ஷன் இல்லைன்னா அதுல டிஹெச்சிபி-யை (மெஷினுக்கெல்லாம் தானா ஐபி விலாசம் குடுக்கற வேலை) ஆஃப் பண்ணி, அதோட ஐபி முதல் ரௌட்டர் ஐபியோட மோதாம மாத்திட்டு, கேபிளை லேன் போர்ட்ல மாட்டுங்க. கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டை ஓட்டலா நடத்தறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும், கெஸ்ட் வைஃபைல இருக்கற போன், லேப்டாப் எதுவும் ஆபீஸ் பிரிண்டரை பாக்க முடியாது, கெஸ்ட் நெட்வொர்க்கே அப்படி பிரிச்சு வைக்கத்தான். விருந்தாளி டிக்கெட் பிரிண்ட் கேட்டா மெயில்ல வாங்கி நீங்க அடிச்சு குடுங்க, அதுக்காக பிரிவினையை எடுத்துடாதீங்க.

மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் போயிட்டு சாயங்காலம் வந்த பிறகு பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுதா? ரௌட்டர் அதுக்கு புது ஐபி குடுத்திருக்கும், கம்ப்யூட்டர் இன்னும் பழைய விலாசத்துலயே கதவை தட்டிக்கிட்டிருக்கும். ரௌட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன்ல ஒரு ஐபியை நிலையா ஒதுக்கிடுங்க. விண்டோஸ்ல, பிரிண்டரை தானா தேடி சேக்கற டபிள்யூஎஸ்டி போர்ட்டுக்கு பதிலா ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்ல அந்த ஐபியை குடுங்க.

யுஎஸ்பி மட்டும் இருக்கற பிரிண்டர்னா கதை வேற. கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 இதெல்லாம் இன்னும் பாதி கடையில உழைக்குது. இதுக்கெல்லாம் பொதுவான பிரிண்டர் பாஷை தெரியாது, பக்கத்தை கம்ப்யூட்டரே தயார் பண்ணி அதோட சொந்த பாஷையில குடுக்கணும். இதை விண்டோஸ்ல ஷேர் பண்ணிட்டு மேக்ல ஜெனரிக் போஸ்ட்ஸ்கிரிப்ட்னு பொது பாஷை பேசற டிரைவரை எடுத்தா, ஒண்ணு எதுவுமே வராது, இல்லைன்னா குப்பையா வரும், ஏன்னா விண்டோஸ் ஷேர் வர்றதை அப்படியே பிரிண்டருக்கு தள்ளிவிடும், மொழிபெயர்க்காது. கப்ஸ் அப்படி இல்ல, உள்ள வர்றதை வாங்கி தன்னோட டிரைவர்ல மாத்தி அனுப்பும். அதனால அந்த மாதிரி பிரிண்டரை உபுண்டு மெஷின்ல மாட்டறதுதான் சரி. 1020-க்கு எச்பிலிப்னு எச்பியோட லினக்ஸ் டிரைவரை போட்டு அதோட பிளகினையும் சேத்து போடணும், பிரிண்டரை ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் அது ஓடத் தேவையான ஃபர்ம்வேரை அனுப்பற வேலை அதோடது, பிளகினை விட்டுட்டா லைட் எரியும் பேப்பர் நகராது. 2900-க்கு கேனானோட லினக்ஸ் டிரைவர் இருக்கு, போடறதுக்கு கொஞ்சம் மெனக்கெடணும். அப்புறம் கப்ஸ்ல ஷேரிங்கை டிக் பண்ணிட்டு மத்த மெஷின்லேர்ந்து ஐபிபி-ல சேத்துக்கங்க.

பேப்பர்ல கிறுக்கல் வந்தா எல்லாமே டிரைவர் தப்பும் இல்ல. சாந்தி (அறுபதாம் கல்யாணம்) பத்திரிகை மேட்டர் பாமினின்னு யூனிகோடு இல்லாத பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்சது, லினக்ஸ்ல தொறந்தா அங்க பாமினி இல்ல, சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா வரிசை கட்டும். ஸ்கிரீன்லயே அப்படித்தான் தெரியும், அதை பாக்காம பிரிண்டரை திட்டறாங்க. ஃபாண்டை உள்ள பதிச்சு பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்க, இல்ல யூனிகோடுக்கு மாத்திக்கங்க.

ஆரஞ்சு லைட் மினுக்கிக்கிட்டு ட்ரேல பேப்பர் இருந்தும் பேப்பர் கேக்குதுன்னா, அனுப்பின மெஷின்ல சைஸ் யுஎஸ் லெட்டர்னு இருக்கும். ஏ4-க்கு மாத்துங்க, வேலை முடிஞ்சுது.

கடைசியா, வரலை வரலைன்னு பிரிண்ட் பட்டனையே அமுக்கிக்கிட்டிருக்காதீங்க. ஒரு ஜாப் மாட்டிக்கிட்டா கப்ஸ் அந்த பிரிண்டரையே நிறுத்தி வச்சுடும், கேபிளை சரி பண்ணினாலும் அது தானா எந்திரிக்காது, ரெஸ்யூம் குடுக்கணும். குடுத்த உடனே வரிசையில நின்ன அத்தனையும் வெளிய கொட்டும், அதனால முன்னாடியே வேண்டாததை கேன்சல் பண்ணிடுங்க. விண்டோஸ்ல கேன்சலே ஆகலைன்னா சர்வீசஸ்ல பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம் 32-க்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ் ஃபோல்டர்ல இருக்கறதை அழிச்சுட்டு திரும்ப ஓட்டுங்க. கப்ஸ்ல எரர் பாலிசியை ரீட்ரை ஜாப்னு மாத்தி வச்சுட்டீங்கன்னா அடுத்த தடவை கரண்ட் போய் வந்தாலும் ரெஸ்யூம் பண்ண யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.