பொலன்னறுவையில் 'ஒரு ரவுண்டு' பேசாதீர்கள்

கனடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால், மட்டக்களப்பில் இருக்கும் எங்களுக்கு ஒரு வேலை நிச்சயம்: இலங்கையின் பழைய தலைநகரமான பொலன்னறுவைக்குக் கூட்டிப்போவது. நான் போக முடியாத நாட்களில் அவர்களே போய்வந்து கதை சொல்வார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வரும். பழகுவதற்கு முன் நான் செய்த அதே காரியங்களை ஒன்று விடாமல் செய்துவிட்டு வந்திருப்பார்கள். தண்ணீர் போத்தல் எடுங்கள், குடை எடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

'ஒரு ரவுண்டு எவ்வளவு?' என்று கேட்பது

ரயில் நிலையமும் பெரிய பஸ் நிலையமும் இருப்பது கதுருவெலயில். பழைய நகரம் அங்கிருந்து மேற்கே நான்கு கிலோமீட்டர். இறங்கியதுமே ஆட்டோக்காரர்கள் வந்துவிடுவார்கள். வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, எல்லா இடமும் ஒரு ரவுண்டு காட்ட எவ்வளவு?" அவர் ஒரு தொகை சொல்வார். இவர் பாதியில் தொடங்குவார். கடைசியில் நடுவில் எங்காவது முடியும். இவருக்குப் பெரிய சந்தோஷம். அன்றைய நாள் அந்த இடத்திலேயே கெட்டுப்போனது அவருக்குத் தெரியாது.

ஆட்டோக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே ஓடும் தூரம் ஒன்றும் பெரிதில்லை, தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை நான்கைந்து கிலோமீட்டர்தான். பெட்ரோல் அவருக்குச் செலவே இல்லை. அவருக்குச் செலவு நீங்கள் நின்று பார்க்கும் நேரம். தொகை முடிவாகிவிட்டால், உங்களை எவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறாரோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த ஓட்டம் கிடைக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. 'ரவுண்டு' என்று சொன்னது நீங்கள். ரவுண்டு எங்கே முடியும் என்று நீங்கள் சொல்லவில்லை.

அந்த ரவுண்டு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: அரண்மனை, பழைய கோயில்கள் கூடி நிற்கும் நாற்சதுர மேடை, பெரிய தூபியான ரன்கொத் விகாரை, பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரை. கல் விகாரையில் எல்லாரும் படம் எடுத்து முடித்ததும் வண்டி திரும்பிவிடும். "அதுக்கு அங்கால ஒண்டும் இல்லை, எல்லாம் உடைஞ்ச கல்லு" என்று ஒரு விளக்கமும் கிடைக்கும்.

ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் இப்படித்தான் போய்வந்தார். இரவு சாப்பாட்டு மேசையில் அண்ணன் முகத்தில் அப்படியொரு பெருமை. "ஆளைப் பேசிக் குறைச்சுப்போட்டன்டா!" அவர் தொலைபேசியில் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல் விகாரைக்குப் பிறகு நேரே மத்தியானச் சோறு.

"திவங்க சிலைமனைக்குப் போகவில்லையா?"

"அது என்ன?"

"தாமரைக் குளம்?"

"குளம் பார்த்தோமே, பெரிய குளம்." அவர் சொன்னது பராக்கிரம சமுத்திரத்தை.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது அவர். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் நுழைவுக் கட்டணம் டொலர் கணக்கில். குடும்பத்துக்கே எடுத்த டிக்கெட்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவில் மிச்சம் பிடித்தது சில்லறை. அந்தச் சில்லறைக்காகப் பார்க்காமல் விட்டது எதை? கல் விகாரைக்கு வடக்கே எட்டு இதழ்த் தாமரை வடிவில் ஐந்து அடுக்காகக் கல்லில் இறங்கும் ஒரு சின்னக் குளம். அதையும் தாண்டினால் திவங்க சிலைமனை. இடுப்பையும் முழங்காலையும் ஒசித்து மூன்று வளைவாக நிற்கும் புத்தர், சுவர்களில் பொலன்னறுவைக் காலத்துச் சாதகக் கதை (புத்தரின் முற்பிறவிக் கதை) ஓவியங்கள். இந்த நகரத்தில் இடிபாட்டைப் பார்க்கலாம், சிலையைப் பார்க்கலாம். அந்தக் காலத்து வண்ணம் இவ்வளவு மிஞ்சியிருப்பது அங்கேதான். அதைப் பார்க்காமல் திரும்பிவிட்டு "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்பவர்களிடம் என்ன பேசுவது?

சரி, எப்படிப் பேச வேண்டும்? இடக் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கில் பேசுங்கள். காலை ஆறு மணிநேரம், காத்திருப்பும் சேர்த்து, இவ்வளவு. அதற்குமேல் போனால் மணிக்கு இவ்வளவு. அப்புறம் திவங்க, தாமரைக் குளம், 2ஆம் சிவ தேவாலயம் என்று இந்த மூன்று பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றவற்றைச் சொல்லத் தேவையில்லை, வழியிலேயே வந்துவிடும். இந்த மூன்றையும் தெரிந்து கேட்கிறார் என்றாலே ஓட்டுநரின் பேச்சு மாறிவிடும். தொகை கொஞ்சம் கூடும். கூடட்டும். நேரத்துக்குக் காசு என்று ஆனபிறகு அதே மனிதர் மர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்குவார், உங்களை அவசரப்படுத்த மாட்டார்.

இன்னொன்றையும் அப்போதே பேசிவிடுங்கள். ரன்கொத் விகாரையில் உங்களை இறக்கிவிட்டு, வண்டி கல் விகாரை வாசலில் போய் நிற்க வேண்டும். நடுவிலுள்ள ஆளாகன பிரிவெனா, லங்காதிலக, கிரி விகாரை எல்லாம் நடந்து பார்க்க வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஆட்டோவில் ஏறி இறங்கினால் அவை தனித்தனிக் கட்டடமாகத்தான் தெரியும். நடந்தால்தான் இது பெரிய மடம், பிக்குகள் வாழ்ந்த ஊர் என்பது புரியும். லங்காதிலகவின் 17 மீட்டர்ச் சுவர்கள் இரண்டுக்கும் நடுவே, தலை போன செங்கல் புத்தரை நோக்கிக் காலால் நடந்து போவதுதான் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும் முறை. வயதானவர் கூட இருந்தால் அவர் மட்டும் வண்டியில் வரட்டும்.

வரைபடத்தின் வரிசைப்படி போவது

வரைபடம் தெற்கே அரண்மனையில் தொடங்கும், எல்லாரும் அப்படியே போவார்கள். முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஏழு மாடி அரண்மனை, அரச சபை மண்டபம், குமார பொகுணை என்ற குளிக்கும் குளம் என்று காலைக் குளிர்ச்சியைச் செலவழித்துவிட்டு, பதினொரு மணிக்கு நாற்சதுர மேடைக்கு வந்து செருப்பைக் கழற்றுவார்கள். அங்குள்ள வட்ட வடிவக் கோயிலான வட்டதாகேயின் கல் தளத்தில் அந்த நேரம் வெறுங்காலோடு நின்று பார்த்திருக்கிறீர்களா? வாசற்படியில் அரைவட்டமாகச் செதுக்கிய சந்திரவட்டக்கல்லை யாரும் பார்க்க மாட்டார்கள். நிழல் விழும் ஒரு சாண் இடத்தைத் தேடி, குதிகாலால் தாவித் தாவிப் போவார்கள்.

வரிசையைச் செருப்பு தீர்மானிக்கட்டும். செருப்பு கழற்ற வேண்டிய இடங்கள் காலையில், போட்டுக்கொண்டே சுற்றக்கூடியவை மத்தியானத்தில். வாசல் திறந்ததும் நாற்சதுர மேடை, அங்கிருந்து வடக்கே போய்க்கொண்டே இருந்து திவங்கவை முடித்துவிட்டுத் திரும்புங்கள். அரண்மனையும் சபை மண்டபமும் அரசர்களுடையவை, அங்கே காலைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருந்தால் நல்லது. புத்தர் சிலைக்கு முன்னால் செருப்புத்தான் கூடாது, காலுறைக்குத் தடை இல்லை.

அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தால்தான் விளங்கும் என்று புத்தகங்கள் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிக்கெட் விற்பது அங்கேதான், ஆகவே காலையில் அந்த வாசலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெயில் உச்சியில் நிற்கும்போது அதே டிக்கெட்டோடு திரும்பி வந்து உட்புறம் பாருங்கள். வட்டதாகே மரக்கூரையோடு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். காலையில் அசலைப் பார்த்த கண்ணுக்குத்தான் அந்தக் கூரை தெரியும்.

1ஆம் சிவ தேவாலயத்தைப் பார்த்துவிட்டு 'சிவன் கோயில் பார்த்தாச்சு' என்பது

நம்மவர்களுக்கென்றே உள்ள தவறு. நாற்சதுர மேடைக்குத் தெற்கே, சாலையோரமாகவே கூரையில்லாமல் நிற்பது 1ஆம் சிவ தேவாலயம். பாண்டியர் பாணி, 13ஆம் நூற்றாண்டு. கல்லைக் கல்லோடு இழைத்துப் பொருத்தியிருக்கும் வேலை அருமையானது, குறை சொல்லவில்லை. ஆனால் சோழர் கோயில் இது அல்ல.

சோழர் கோயில் 2ஆம் எண். பபலு விகாரைப் பக்கம் திரும்பும் கிளைப்பாதையில் உள்ளே தள்ளி நிற்கிறது, அதனால்தான் ரவுண்டில் விடுபட்டுப்போகிறது. 11ஆம் நூற்றாண்டில் முழுக்க முழுக்கக் கல்லால் கட்டியது. விமானமும் நந்தியும் சின்னதுதான், சுற்றிவர நிதானமாக நடந்தாலும் கொஞ்ச நேரம் போதும். கல்வெட்டு இதை வானவன்மாதேவி ஈசுவரம் என்கிறது. வானவன்மாதேவி ராஜராஜனின் தேவி, ராஜேந்திரனின் தாய். அனுராதபுரம் வீழ்ந்தபின் சோழர் தலைநகரை இங்கே மாற்றி ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்தினான். அதற்குப் பிறகும் இந்தக் கோயில் இடிபடாமல் நிற்கிறது. இன்றைக்கும் உள்ளே பூ வைத்துக் கும்பிடுகிறார்கள்.

அதே விஜயபாகு கட்டிய அட்டதாகே என்ற கட்டடம் நாற்சதுர மேடையில் இருக்கிறது. அதன் அருகே நிமிர்ந்து நிற்கும் ஒரு பலகைக் கல்லைக் கவனியுங்கள். எழுத்து தமிழ். புத்தரின் புனிதப் பல் வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் (அரசரிடம் சேவை செய்த தென்னிந்தியப் படையினர்) ஏற்றுக்கொண்டு வெட்டிய கல்வெட்டு அது. கொஞ்சம் தள்ளி நிசங்கமல்லன் என்ற அரசனின் கல்பொத்த, 8 மீட்டருக்கு மேல் நீளமான கற்புத்தகம், படுத்துக் கிடக்கிறது. எல்லாரும் அதன் முன்னால் கூட்டமாக நிற்பார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டு வருவது

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குச் சார்க் (தெற்காசிய) நாட்டுக் கட்டணம், மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. கவுண்டரில் கடவுச்சீட்டைக் காட்டினால்தான்.

புத்தருக்கு முதுகு காட்டி செல்பி

கூடாது. காவலர் சொல்வதற்கு முன் நீங்களே திரும்பிவிடுங்கள். பக்கவாட்டில் நின்றால் கல் விகாரையின் 14 மீட்டர்ச் சயன புத்தர் படத்தில் முழுதாகவே விழுவார்.

ஆட்டோவில் பையை வைத்துவிட்டு இறங்குவது

திருடனுக்காகச் சொல்லவில்லை. ஆட்டோவுக்குக் கதவு கிடையாது, பொலன்னறுவையில் குரங்குக்குக் குறைவு கிடையாது. இங்குள்ள செங்குரங்குகளை 1968 முதல் ஆய்வாளர்கள் விடாமல் கவனித்து வருகிறார்கள். குரங்குகளும் நம்மைக் கவனித்து வருகின்றன. ரன்கொத் விகாரை நிறுத்தத்தில் ஒரு தாய்க்குரங்கு சீற்றில் உட்கார்ந்து, பைச் சிப்பை இழுத்துத் திறந்து, மாரி பிஸ்கட்டைக் கவர் பிரித்துத் தின்றதை ஓட்டுநரும் நானும் சேர்ந்துதான் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கையில் கம்பு இருந்தது, கிட்டப் போகவில்லை. சாப்பாட்டுப் பொருளைக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் ஆட்டோவின் பின்பெட்டியில் வைத்து மூடச் சொல்லுங்கள்.

அரைக் காற்சட்டை

முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும். ஆண்களுக்கும்.

அதே நாளில் சீகிரியாவையும் சேர்ப்பது

காலையில் சீகிரியா பாறைக்கோட்டையில் ஏறிவிட்டு மத்தியானம் பொலன்னறுவை என்று வரும் திட்டங்களைப் பார்க்கும்போது யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படி ஏறி இறங்கிய கால்களோடு, ஐம்பதுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் ஆட்டோவில் குலுங்கி, உச்சி வெயிலில் இங்கே வந்து செருப்பைக் கழற்றுவார்கள். வண்டியிலிருந்தே கை நீட்டி "அது என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டுக்கும் இரண்டு நாள் இல்லையென்றால் ஒன்றை விட்டுவிடுங்கள். எதை விடுவது என்று என்னிடம் கேட்டால் சீகிரியா என்பேன்.

நேரம் மிஞ்சினால் அதைத் தெற்கே செலவழியுங்கள். பொத்குல் விகாரையும், கையில் ஏடோ நுகமோ என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் அந்தப் பாறைச் சிலையும் டிக்கெட் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. கட்டணம் இல்லை. மாலையில் போகலாம், ஆட்டோவுக்குக் கூட அரை மணிநேரம் கேட்டால் போதும்.

இருட்டிய பிறகு ஹபரணை வீதி

மின்னேரியா காட்டைக் கடந்து போகிறது. யானைகள் குறுக்கே வரும். மூன்று சக்கர வண்டியில் அந்த நேரத்தில் வேண்டாம், பஸ்ஸில் ஏறுங்கள்.